சான் மரீனோ: நாடும் பயணமும்

சான் மரீனோ, இத்தாலி நாற்புறமும் சூழ்ந்து நிற்கும் சிறு குடியரசு. பரப்பு 61 சதுர கி.மீ.; மக்கள் ஏறக்குறைய 34,000. ஐரோப்பாவில் வத்திக்கானும் மொனாக்கோவும் மட்டுமே இதைவிடச் சிறிய நாடுகள். இன்றும் உயிரோடு இருக்கும் குடியரசுகளுள் இதுவே மூத்தது. மொழி இத்தாலியம், புழங்கும் பணம் யூரோ. நாட்டின் நடுவே எழும் தித்தானோ மலை ஏறக்குறைய 740 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக் குன்று. கடலை நோக்கிய பக்கம் செங்குத்துப் பாறையாகவும் மறுபக்கம் மெல்லிய சரிவாகவும் இருக்கும் இந்த அமைப்புதான் நாட்டைக் காத்தது. தலைநகர் மலையின் மேல் உள்ளது.

ரயில் நிலையமும் விமான நிலையமும் இல்லை. அட்ரியாடிக் கரையிலுள்ள ரிமினி ரயில் நிலையத்தின் அருகிலிருந்து பேருந்து புறப்படுகிறது. ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான பயணம். எல்லையில் சோதனைச்சாவடி கிடையாது. இத்தாலி வழியாகவே நுழைய வேண்டியிருப்பதால் இந்தியர், இலங்கையர் ஆகியோருக்கு ஷெங்கன் விசா போதும். கடவுச்சீட்டில் முத்திரை வேண்டுவோர் தலைநகரின் சுற்றுலா அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டிக் குத்திக்கொள்ளலாம். அடிவாரத்துப் போர்கோ மஜ்ஜோரேயிலிருந்து 1959 முதல் ஓடும் ரோப் கார் இரண்டே நிமிடத்தில் மேலே சேர்க்கிறது. முதன்முறை வருவோர் பேருந்திலேயே உச்சிவரை போகாமல் இதில் ஏறுவது நல்லது. ரிமினிக் கடற்கரை முழுவதும் ஒரே பார்வையில் விரியும்போது, மலையைப் பிடித்தவனிடம் கரையோரத்து அசைவு எதுவும் தப்பாது என்பது விளங்கிவிடும்.

மரபின்படி இந்நாட்டை நிறுவியவர் மரீனுஸ் என்ற கல்தச்சர். தல்மாத்தியாவின் ராப் தீவிலிருந்து ரிமினிக்குத் தோழர் லியோவுடன் வேலைக்கு வந்தவர். பேரரசர் தியோக்ளேஷியன் காலத்தில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது மலையேறி ஒரு சிறு சமூகத்தை அமைத்தார். மலைக்கு உரிமைக்காரியான ஃபெலிசிசிமாவின் மகனை அவர் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக அவள் மலையையே கொடுத்தாள் என்றும் கதை. ஆண்டு 301, நாள் செப்டம்பர் 3. அந்நாள் இன்றும் தேசிய விழா. அரசின் சட்ட ஏடுகள் பொது ஆண்டோடு 'குடியரசு தோன்றிய ஆண்டு' என்ற கணக்கையும் 301-இலிருந்தே எண்ணிக் குறிக்கின்றன. தலைநகரின் பெருங்கோயிலுக்கு அருகிலுள்ள சிறு தேவாலயத்தில், பாறையில் வெட்டிய இரண்டு குழிவுகளை மரீனுஸும் லியோவும் படுத்த இடங்கள் என்று காட்டுகிறார்கள்.

ஏட்டுச் சான்றுகளுள் முதன்மையானது 885-ஆம் ஆண்டின் தீர்ப்பாவணம். சான் மரீனோ மடத்தின் தலைவர் ஸ்தேஃபனோவுக்கும் ரிமினி ஆயருக்கும் இடையே நிலவுடைமை குறித்து எழுந்த வழக்கு அது; தீர்ப்பு மடத்தின் பக்கம் வந்தது. போர் வெற்றியோ முடிசூட்டோ அல்ல, ஒரு நில வழக்கே இந்த மக்களின் மிகப் பழைய பத்திரம். இந்நாட்டின் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

குடும்பத் தலைவர்கள் கூடிய 'அரெங்கோ' என்ற ஊர்ச்சபையே முதல் அரசு. 1243-இல் ஒத்தோனே ஸ்காரித்தோ, பிலிப்போ தா ஸ்தெர்பெத்தோ என்ற இருவர் ஊரின் தலைவர்களாகப் பெயர் பெறுகிறார்கள். அன்று தொடங்கிய வழக்கப்படி நாட்டின் தலைமை இன்றும் இருவரிடம்தான் இருக்கிறது. 'காப்பித்தானி ரெஜ்ஜென்தி' எனப்படும் இவர்களை 60 பேர் கொண்ட பேரவை தேர்ந்தெடுக்கிறது. ஆட்சிக்காலம் ஆறே மாதம். ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களில் பதவி மாறும். பதவி விட்டவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வர முடியாது. ஆட்சிக்காலம் முடிந்ததும் அவர்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் குறித்துக் குடிமக்கள் முறையிடலாம். பதவியேற்பை அடுத்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை எந்தக் குடிமகனும் அரசுக்கு மனுக் கொடுக்கலாம். அரெங்கோவின் எச்சம் அது. ஒருவர் கையில் அதிகாரம் தேங்கிவிடக் கூடாது என்ற அச்சத்தை எட்டு நூற்றாண்டாக விடாமல் பேணிய நாடு இது.

அண்டை நாட்டவரைப் பற்றிய அச்சம் வேறு. ரிமினியை ஆண்ட சிஜிஸ்மோந்தோ மலத்தெஸ்தாவுக்கு எதிரான போரில் திருத்தந்தையின் பக்கம் நின்றதால் 1463-இல் ஃபியோரெந்தீனோ, மோந்தேஜார்தீனோ, செர்ரவாலே ஆகிய ஊர்கள் கிடைத்தன; ஃபயெத்தானோ தானாக வந்து சேர்ந்தது. அதற்குப் பின் எல்லை மாறவே இல்லை. 1503-இல் இத்தாலியப் படைத்தலைவர் செசாரே போர்ஜியா நாட்டைப் பிடித்துச் சில மாதங்கள் வைத்திருந்தார். 1739 அக்டோபரில் ரொமாஞாவில் திருத்தந்தையின் பிரதிநிதியான கர்தினால் அல்பெரோனி படையோடு புகுந்தார். மக்கள் அடிபணிய மறுத்துத் திருத்தந்தையிடம் முறையிட, 1740 பிப்ரவரி 5-இல் விடுதலை திரும்பியது. அது புனித அகத்தாவின் நாள். ஆண்டுதோறும் அன்று போர்கோ மஜ்ஜோரேயிலிருந்து மலைமேல் ஊர்வலம் போகிறது.

1797-இல் நெப்போலியன் நாட்டை விரிவாக்கித் தருவதாகத் தூதனுப்பினார். ஆட்சியாளர் அந்தோனியோ ஓனோஃப்ரி நட்பை ஏற்று நிலத்தை மறுத்தார். ஐரோப்பிய வரலாற்றில் இதற்கு நிகரான அறிவுடைய மறுப்பு அரிது. வாங்கிய நிலத்தைப் பின்னாளில் யாரோ மீட்க வந்திருப்பார்கள். 1849 ஜூலை 31-இல் ஆஸ்திரியப் படை துரத்த, இத்தாலிய ஒருங்கிணைப்புப் போராளி கரிபால்தி கருவுற்ற மனைவி அனீத்தாவோடும் களைத்த வீரர்களோடும் இங்கே தஞ்சம் புகுந்தார். படையைக் கலைத்துவிட்டு அன்றிரவே சிலரோடு கடற்கரைக்குத் தப்பினார். இத்தாலி ஒன்றானபோது இந்தக் குன்றை விழுங்காமல் 1862-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த இரவின் நன்றிதான் காரணம் என்று சான் மரீனோ மக்கள் சொல்வார்கள். அது பொருந்தவே செய்கிறது. 1944-இல் போர்முனை நெருங்கியபோது தன் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு அகதிகளை, ஏறக்குறைய 1,00,000 பேரை, நடுநிலை நாடாக ஏற்றது. நடுநிலையைப் பொருட்படுத்தாமல் அவ்வாண்டு ஜூன் 26-இல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. 1932-இல் திறந்த ரிமினி ரயில்பாதை அந்தப் போரோடு அழிந்தது. அதன் சுரங்கங்களில் அகதிகள் பலர் தங்கினார்கள். சீரமைத்த பழைய ரயில் பெட்டி ஒன்று தலைநகரருகே நிற்கிறது.

மலை முகட்டில் மூன்று கோட்டைகள். முதலாவது குவைத்தா, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1970 வரை சிறையாக இருந்தது. இரண்டாவது செஸ்தா உச்சியில் உள்ளது. உள்ளே பழம்படைக்கலக் காட்சியகம். இவற்றை இணைக்கும் பாறை விளிம்புப் பாதைக்குச் சூனியக்காரிகளின் வழி என்று பெயர். மூன்றாவதான மோந்தாலேயை வெளியிலிருந்து மட்டும் பார்க்கலாம். கூட்டம் அங்கே வருவதில்லை, ஆகவே அங்கே போவது நல்லது. கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி வேண்டும். குளிர்காலத்தில் மூடுபனி மலையை மறைத்துவிடும். வானிலை பார்த்துப் புறப்பட வேண்டும். அரசு மாளிகை பழமையானதாகத் தோன்றினாலும் 1894-இல் முடிந்த கட்டடம். முன்சதுக்கத்தில் கோடையில் காவலர் மாறும் சடங்கு நடக்கும். 2008 முதல் தலைநகரும் மலையும் யுனெஸ்கோ பாரம்பரியக் களம்.

கடைகளில் வரி குறைவு என்பதால் வாசனைப் பொருளும் மின்னணுப் பொருளும் தேடி வருவோர் ஏராளம். பயணிகள் பெரும்பாலும் ரிமினியிலிருந்து காலையில் வந்து, கடைத்தெருவைச் சுற்றி மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நாட்டின் சிறந்த பகுதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஓரிரவு தங்கினால் பேருந்துகள் போன பின் ஊர் தன் மக்களுக்குத் திரும்புவதைக் காணலாம். சேகரிப்பாளர்களுக்கு 1877 முதல் வெளியாகும் தபால்தலைகளும் நாட்டின் சொந்த யூரோ நாணயங்களும் உண்டு. உணவில் ரொமாஞாப் பகுதியின் தட்டை ரொட்டியான பியதீனாவும், மெல்லிய அடுக்குகளுக்கு இடையே சாக்லேட் பூசிய 'மூன்று மலை' கேக்கும் குறிப்பிடத்தக்கவை. சைவ உணவினர் மாவில் பன்றிக்கொழுப்பு சேராததா என்று கேட்டு, பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்த பியதீனாவை வாங்கலாம்.



தேதியைத் தாமே முடிவு செய்ய முடிந்தவர்கள் ஏப்ரல் 1 அல்லது அக்டோபர் 1-ஐ ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். புதிய ஆட்சியாளர்கள் இருவரும் நகர்த் தெருக்களில் ஊர்வலமாக நடந்து பதவியேற்கும் சடங்கை அன்று எவரும் நின்று பார்க்கலாம். விடுதிகள் குறைவு, அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.