ராத்திரி தூங்கினார்களா?

புதுச்சேரிக்குப் போனால் முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு நடை போவேன். அப்போதெல்லாம் 1761 ஜனவரிதான் ஞாபகத்துக்கு வரும். மாதக்கணக்கில் முற்றுகை. ஊருக்குள் பட்டினி. கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார். ஆங்கிலேயர்கள் கோட்டையோடு நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். பிடிபட்ட பீரங்கிகளுக்குக்கூடக் கணக்கு உண்டு. சரி, அதையெல்லாம் பார்த்து நின்ற குழந்தைகள் அன்று ராத்திரி தூங்கினார்களா? சரித்திரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. கடலுக்கு அப்பால், மட்டக்களப்பில். ஈழத்தில் போர் நடந்துகொண்டிருந்த 1996-ல், யேசு சபைத் துறவி பால் சத்குணநாயகமும் கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் சேர்ந்து 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். 'என்ன நடந்தது, சொல்லு' என்று அங்கே பிள்ளைகளைத் துருவவில்லை. களிமண், வண்ணம், கதை, நாடகம், செடிகொடி... அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். வாய்க்கு வராததைக் கை மெள்ளச் சொல்லும். பயம் புகுந்த மனசுக்கு முதல் மருந்து, பயப்படாமல் விளையாட ஓர் இடம்!

2009-ல் போர் ஓய்ந்தது. அன்றைய பிள்ளைகள் இன்று அம்மா, அப்பா. அவர்கள் ராத்திரி தூங்குகிறார்களா? இப்போதாவது கேட்கலாம்.