சங்கராந்திப் புலி நானுஓயா வந்த வழி

2026 ஜனவரி 14ஆம் திகதி பிற்பகல் மூன்று மணி கழிந்து சில நிமிடங்களில் சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தான். இது திருக்கணிதக்காரர்களின் கணக்கு. அப்போது தேய்பிறை ஏகாதசி ஓடிக்கொண்டிருந்தது, அதிலும் பின்பாதி. அந்தப் பாதிக்குரிய கரணம் பாலவம். பாலவத்துக்கு மிருகம் புலி. ஆகவே அந்தத் தையில் சங்கராந்தியின் ஆளுருவான மகர சங்கராந்தி புருஷன் புலி மேல் ஏறி வந்தான் என்று பஞ்சாங்கத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். மறுநாள்தான் பொங்கல். இலங்கை மலையகத்தின் நானுஓயாத் தோட்டங்களில் வாசல் கூட்டிக் கோலம் போட்டவர்களில் எத்தனை பேருக்குப் புலி வந்திறங்கிய சேதி தெரியும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த மாதம் 17ஆம் திகதி பிறந்த சீனப் புத்தாண்டு குதிரை வருசம் என்பதோ பலருக்குத் தெரியும். கைபேசியில் வருகிறது, பேப்பரில் படத்தோடு போடுகிறார்கள். நம்மிடமும் வருசத்துக்கு ஒரு மிருகம் உண்டு என்றால் சின்னப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சீனத்து மிருகங்கள் வரிசை தப்பாதவை. எலியில் தொடங்கிப் பன்றியில் முடிந்து மறுபடி எலி. நம்முடைய மிருகத்துக்கு வரிசையே கிடையாது. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அதில் பாதி, 6 பாகை, ஒரு கரணம். ஒரு சாந்திர மாதத்துக்கு 60 கரணம். பவம், பாலவம், கௌலவம், தைதுலை, கரசை, வணிசை, பத்திரை என்ற ஏழும் எட்டுத் தடவை சுற்றி வரும். மீதி நான்கு அமாவாசையை ஒட்டி ஒரே ஒரு தடவை தலைகாட்டும். பவத்துக்குச் சிங்கம், பாலவத்துக்குப் புலி, கௌலவத்துக்குப் பன்றி, தைதுலைக்குக் கழுதை, கரசைக்கு யானை. சூரியன் மகரத்தில் கால் வைக்கிற நொடியில் எந்தக் கரணம் நடக்கிறதோ அதன் மிருகம்தான் வாகனம். 2024இல் விடியற்காலைச் சதுர்த்தியில், பத்திரைக் கரணத்தில் சங்கராந்தி விழுந்ததால் குதிரை. 2025இல் பௌர்ணமி கழிந்த காலையில் பாலவம், புலி. 2026இல் மறுபடியும் பாலவம், மறுபடியும் புலி. சீனாவில் ஒரு மிருகம் திரும்பி வரப் பன்னிரண்டு வருசம் காத்திருக்க வேண்டும். இங்கே மறு வருசமே வந்து நிற்கும்.

ஒரு கரணம் ஏறக்குறைய அரை நாள். வாக்கியக் கணக்கும் திருக்கணிதமும் சங்கராந்தி நேரத்தில் சில மணி முன்பின் ஆகிற வருசத்தில், இரண்டு பஞ்சாங்கத்திலும் இரண்டு மிருகம் வந்துவிடலாம். தோட்டத்தில் ஒரே லய வரிசையில் ஒரு வீட்டுக்கு யானையும் அடுத்த வீட்டுக்குக் கழுதையும் வந்தால் யார் எதைச் செய்வது? யாரும் எதுவும் செய்வதில்லை என்பதுதான் உண்மை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மிருகம் புறப்படுகிற இடம் வானம் என்றாலும் உடம்பு கிடைப்பது அச்சகத்தில். பஞ்சாங்கம் சித்திரைக்குச் சித்திரை அச்சாவதால் 2026 தைக்கு வர வேண்டிய புலி, 2025 ஏப்ரலில் பிறந்த விசுவாவசு வருசப் பஞ்சாங்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. ஒன்பது மாதம் கடை அலுமாரியில் காத்திருந்துதான் அது சங்கராந்திக்கு வருகிறது.

இலங்கைத் தமிழர் அதிகம் புரட்டுவது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அச்சாகும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை. திருக்கணிதம் வாங்குகிற வீடுகளும் உண்டு. ஆனால் மலையகத்துக்கு இந்தப் புருஷன் முதலில் வந்தது யாழ்ப்பாண வழியாக அல்ல. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்களோடு திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலத்து வழக்கங்களும் நடந்தன. 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. அங்கிருந்து பண்டாரவளைக்குப் பாதை போய்ச் சேர இன்னும் ஒன்பது வருசம் ஆனது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய் நொடி பார்த்து, துண்டு கொடுத்து ஏற்றிவிட்ட ஆட்களோடு பஞ்சாங்கமும் ஏறிய பாதை அது. தலைமன்னாரில் ரயில் பிடித்தால், பொல்காவலையில் மாறி, அட்டன், தலவாக்கலை, கிரேட் வெஸ்டர்ன், ராதல்ல தாண்டி நானுஓயா.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். அந்த டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. மலையகத் தமிழரில் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களைச் சுமக்க வேண்டிய பாதையின் ஒரு முனை இரண்டு மாதத்தில் கடலுக்குள் போயிற்று. பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் விட்டு ஆட்களை ஏற்றினார்கள். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்கள் அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள், அங்கேயும் தைக்குத் தை ஒரு மிருகம் வந்தது.

பின்னால் வந்த கொக்குவில் பஞ்சாங்கத்துக்கு வழி யாழ்தேவி ரயில். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. திரும்ப ஓடியது 2014இல். இடையில் லொறியிலும் பஸ்ஸிலும் கொழும்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. போர் நடந்த அந்த வருசங்களில் மலையகத்துச் சந்தியில் நின்று "இந்த வருசம் புலி வருது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. சோதனைச் சாவடியில் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டிச் சங்கராந்தி புருஷனுக்கு விளக்கம் சொல்ல யாருக்குப் பொறுமை இருந்திருக்கும்!

சரி, வந்த மிருகம் என்ன சொல்கிறது? கட்டத்துக்குள் பட்டியல் நீளமாக இருக்கும். புருஷனின் பெயர், வாகனம், உடுத்திய துணி, பூசிய சந்தனம், கையில் ஆயுதம், உண்ட உணவு, சூடிய பூ, பார்க்கும் திசை. பலன் வாசிக்கிற முறை விசித்திரமானது. அவன் தொட்டதற்கெல்லாம் கேடு. எதை உண்டானோ அது அருகும், எதை உடுத்தானோ அது விலையேறும், எந்த வாகனத்தில் வந்தானோ அந்த இனத்துக்கு ஆகாது. வந்த திசைக்கு நன்மை, பார்த்த திசைக்குத் துன்பம். சீனர்களிடமும் இதற்குப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: பிறந்த வருசத்து மிருகம் திரும்பி வரும்போது அந்த ஆள் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும், சிவப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அது ஆளைப் பிடிக்கிற மிருகம். 1966 நெருப்புக் குதிரை வருசம். அதில் பிறக்கிற பெண் கணவனுக்கு ஆகாது என்று பயந்து ஜப்பானில் பிள்ளைப்பேறே ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தது. நம் கணக்கிலும் அது பராபவ வருசம், 2026 சித்திரையில் திரும்பி வருவதும் அதே பராபவ. பெயரே தோல்வி, அழிவு என்று பொருள்படுவது. இருந்தும் பராபவத்துக்கோ புலி வாகனத்துக்கோ பயந்து பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட்டதாக நம் பக்கம் கேள்விப்பட்டதில்லை.

காரணம், இந்த மிருகம் ஆளோடு ஒட்டுவதில்லை. அது நாட்டுக்கும் நிலத்துக்கும் வருகிறது. மழை எத்தனை மரக்கால், தானியத்துக்கு அதிபதி யார், மேகத்துக்கு யார் என்று கேட்கிற பக்கங்களோடு சேர்ந்தது. எல்லாம் வயல்காரன் கேள்வி. மிருகம் நானுஓயாவில் ஏறி வந்து பார்த்தால், நிலம் கம்பெனியுடையது, லயக் காம்பரா தோட்டத்துடையது, மழை பெய்தால் கொழுந்து கூடும், ஆனால் தொழிலாளியின் பெயர் பதிவாவது நாட்சம்பளத்துக்கு மட்டும். தேயிலைக்கு அதிபதி என்று எந்தக் கிரகத்தையும் எவரும் நியமிக்கவில்லை. நிலமில்லாத சனத்துக்கு நிலத்தின் பலனைக் கொண்டுவந்து கொடுத்தால் அவர்கள் எங்கே வைப்பார்கள்? ஆகவே தங்களுக்குப் பொருந்துகிறதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சித்திரைக்கு மருத்துநீர் வைக்கிற நேரம், உடுப்பின் நிறம், கைவிசேஷ நேரம், பிள்ளையின் ராசிபலன். மிருகம் கட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

"வாகனத்துக்கு ஆகாது" என்ற வரிக்கு மட்டும் மலையகத்தில் ரத்தமும் சதையுமாக ஒரு சாட்சி உண்டு. தோட்டத்தார் புலி என்று சொல்வது சிறுத்தையை. கோடு போட்ட புலி இந்தத் தீவில் இல்லை. தேயிலைக்கும் மானாப் புல்லுக்கும் இடையில் அது நாயைத் தேடி லயத்துப் பின்புறம் வரை வரும். பன்றிக்கு வைத்த கம்பித் தடத்தில் மாட்டிச் சாகும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் தடத்தில் சிக்கி, மூன்று நாள் கழித்து உயிரை விட்டது. கௌலவத்தின் பன்றிக்குப் போட்ட கம்பி பாலவத்தின் புலியைப் பிடிக்கிறது. இதற்குச் சங்கராந்தி புருஷனைக் குற்றம் சொல்வது அநியாயம். அந்தக் கம்பிக்கு வாகன வருசம், வாகனமில்லா வருசம் என்ற பேதம் கிடையாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்துப் போட்ட பிறகு, "புலி வருசம் அல்லவா" என்று பின்னோக்கிப் பொருத்திப் பார்க்கவும் இடம் இருந்தது. எந்த மிருகம் வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும். இந்தப் பலனின் பலமும் பலவீனமும் அதுதான்.

இப்போது ஒரு சின்ன மாற்றம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களும், தோட்டத்து ஓரம் மரக்கறி போடுகிறவர்களும் நானுஓயாப் பக்கம் கூடி வருகிறார்கள். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. இன்று விலை ஏறினால் சிரிப்பு, நாளை இறங்கினால் லீக்ஸை மாட்டுக்குப் போடுவார்கள். இவர்களுக்கு மழையும் விலையும் சொந்தப் பிரச்சினை. பொங்கலன்று பஞ்சாங்கத்தை எடுத்தால் ராசிபலனைத் தாண்டி அந்தக் கட்டத்துக்குப் போகிறவர்கள் இவர்கள்தான். புருஷன் எதில் வந்தான் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. என்ன தின்றான் என்றுதான் பார்க்கிறார்கள். அவன் தின்றது அருகும், அருகினால் விலை ஏறும். கரட்டைத் தின்றதாக இதுவரை எந்தப் பஞ்சாங்கக்காரரும் எழுதவில்லை.