நெடுஞ்சாலையும் வரலாற்று நினைவும்: அமெரிக்காவின் 66ஆம் இலக்கப் பாதை பற்றிய சில சிந்தனைகள்

வரலாற்றுச் சின்னம் என்றவுடன் கோட்டை, அரண்மனை, ஆலயம் ஆகியவற்றையே மனங்கொள்வது வழமை. ஆயின், ஒரு பெற்றோல் நிலையமும் வழிப்போக்கர் விடுதியும் வரலாற்றுச் சின்னங்களாகப் போற்றப்படும்போது, அவை யாருடைய வரலாற்றைக் கூறுகின்றன என்ற வினா எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 66ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை நாம் நோக்குவோம்.

1926ஆம் ஆண்டு இலக்கமிடப்பட்ட இப்பாதை, சிக்காகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களை ஊடறுத்துக் கலிபோர்னியாவை அடைந்தது. பின்னர் சாந்தா மொனிக்கா வரை நீண்டது. இதன் நீளம் ஏறத்தாழ 2,400 மைல். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான மாநிலங்களிடைப் பெருஞ்சாலைகள் இதன் போக்குவரத்தைப் படிப்படியாகக் கவர்ந்துகொண்டன. 1985இல் இதன் இலக்கம் நீக்கப்பட்டது. பாதை பயன்குன்றிய பின்னரே அது மரபுரிமையாக மதிக்கப்படலாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

1930களில் பொருளாதார வீழ்ச்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்த ஒக்லகோமா முதலிய மாநிலங்களின் விவசாயிகள் இப்பாதை வழியே மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர். 1939இல் வெளியான ஜோன் ஸ்டைன்பெக்கின் நாவல் இப்பெயர்வையே பொருளாகக் கொண்டது. 1936இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசார் கலிபோர்னியாவின் எல்லைகளில் நின்று, வறியோர் எனத் தாம் கருதியோரைத் திருப்பியனுப்பினர். வறியவரை மாநிலத்தினுள் அழைத்துவருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டம் செல்லாதென உயர்நீதிமன்றம் 1941இலேயே தீர்ப்பளித்தது. கட்டடங்களை மாத்திரம் தேடிச் செல்வோரின் கண்ணுக்கு இத்தடை புலப்படாது.

இன்று பயணிகள் விரும்பிக் காணும் சின்னங்களுள் ஒன்று, அரிசோனாவின் ஹோல்புறூக் நகரில் 1950இல் கட்டப்பெற்ற விக்வாம் விடுதி. இதன் அறைகள் கூம்பு வடிவக் கொங்கிறீற்றுக் கூடாரங்கள். இக்கூடார வடிவம் பெருஞ்சமவெளிப் பழங்குடியினருக்குரியது. அயலில் வாழும் நவஹோ, ஹோப்பி மக்களின் மரபு வீடுகளோ முற்றிலும் வேறானவை. பெயரும் பொருந்துவதன்று, விக்வாம் என்பது வடகிழக்குப் பழங்குடியினரின் குவிகூரைக் குடிலைக் குறிப்பது. ஒரு மக்களின் வாழ்விடம் விளம்பரப் பொருளாக மாற்றப்பட்டமையை இவ்விடுதி தன்னையறியாமலே பதிவுசெய்துள்ளது.

இதற்கு மாறானது, ஒக்லகோமாவின் லூதர் அருகே கறுப்பினத்தவரான திறெற் குடும்பத்தினர் மணற்கல்லால் அமைத்த சிறிய பெற்றோல் நிலையம். கறுப்பினப் பயணிகளுக்கு உணவும் உறையுளும் பல இடங்களில் மறுக்கப்பட்ட காலம் அது. அவர்களை ஏற்கும் இடங்களைப் பட்டியலிட்ட வழிகாட்டி நூலொன்று 1936 முதல் வெளிவர வேண்டியிருந்தமையே அந்நிலைமைக்குச் சான்று. அத்தகைய சூழலில் இந்நிலையம் வணிகத்தலமாக மட்டுமன்றிப் புகலிடமாகவும் விளங்கியது. 1995இல் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற போதிலும், 2021இல் அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது.

ஒரே நெடுஞ்சாலை சிலருக்குச் சுதந்திரத்தின் குறியீடாகவும், வேறு சிலருக்கு அச்சத்தின் வழியாகவும் இருந்தது என்பது இவற்றால் பெறப்படும். வண்ணவிளக்குகளைப் பேணுதல் தவறன்று. ஆயின் அவற்றின் ஒளியில் நிலமிழந்தோரும் விலக்கப்பட்டோரும் மறைக்கப்படின், எஞ்சுவது வரலாறன்று. வெறும் ஏக்கமே எனலாம்.