தரவுத்தளப் பூட்டு

தரவுத்தளப் பூட்டு என்பது ஒரே பதிவில் இருவர் ஒரே நேரத்தில் கைவைத்துக் குழப்பாமல் காக்கும் ஏற்பாடு. ஒரு கணக்கில் 500 ரூபாய் கழித்து இன்னொன்றில் சேர்ப்பது போல, பாதியில் நிற்கக் கூடாத வேலைத்தொகுதிக்குப் பரிவர்த்தனை என்று பெயர். அது முழுதாக முடிந்தால் கமிட். இடையில் முறிந்தால், செய்ததையெல்லாம் பழையபடி திருப்பும் ரோல்பேக்.

பரிவர்த்தனைகளுக்கான பூட்டலுக்கு இலக்கணம் வகுத்தது கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரின் ஐபிஎம் ஆய்வுக்கூடம். அங்கே சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளத் திட்டத்தில் இருந்த ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, ட்ரைகர் நால்வரும் 1976இல் 'இருகட்டப் பூட்டல்' விதியை வெளியிட்டனர். முதல் கட்டத்தில் பூட்டுகளைச் சேர்க்கலாம். ஒன்றை விட்டுவிட்ட பிறகு புதிதாக எதையும் எடுக்கக் கூடாது. இதைக் கடைப்பிடித்தால், ஒன்றோடொன்று பின்னி ஓடும் பரிவர்த்தனைகளும் வரிசையில் ஓடிய அதே விளைவைத் தரும்.

பூட்டு இருவகை. பகிர்வுப் பூட்டைப் படிப்பவர் பலர் சேர்ந்தே வைத்திருக்கலாம். தனிப் பூட்டு எழுதுபவர் ஒருவருக்கே. ஒருவர் ஒரு வரியைப் பூட்டியிருக்க, மற்றவர் அட்டவணை முழுவதையும் பூட்ட வந்தால்? அதற்காகவே கிரே குழுவினர் 'நோக்கப் பூட்டு' கண்டார்கள். உள்ளறையைப் பூட்டப்போகிறவர் வாசலிலேயே அடையாளம் வைத்துவிட்டுப் போவது போன்றது அது. 1983இல் ஹார்டர், ராய்ட்டர் இருவரும் பரிவர்த்தனையின் நான்கு பண்புகளுக்கு 'ஆசிட்' எனப் பெயரிட்டனர். கணினி விழுந்தபின் தரவை மீட்கும் 'ஏரிஸ்' முறையை 1992இல் விரிவாக எழுதிய குழுவின் தலைவர் சி. மோகன், சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர். கிரே 1998ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

தரவுத்தளத்தைக் கையாளும் ஸ்கிரிப்டுகள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஒன்று முதல் வரியைப் பூட்டி இரண்டாவதைக் கேட்க, மற்றொன்று இரண்டாவதைப் பூட்டி முதலைக் கேட்டால், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் டெட்லாக். எல்லா ஸ்கிரிப்டும் ஒரே வரிசையில் பூட்டினால் இந்தச் சிக்கல் எழாது. மைசீக்வல் தரவுத்தளத்தின் இன்னோடிபி எஞ்சின் டெட்லாக்கைக் கண்டால் ஒரு பரிவர்த்தனையை முழுதாக ரோல்பேக் செய்யும். ஆனால் பூட்டுக்காக 50 விநாடி காத்துக் களைத்தால், இயல்பமைப்பில், அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும். பரிவர்த்தனை திறந்தே கிடக்கும். பிழையை விழுங்கிவிட்டு கமிட் செய்யும் ஸ்கிரிப்ட் பாதி வேலையைப் பதிந்துவிடும். அங்கே ரோல்பேக் செய்து முதலிலிருந்து ஓட்டுவதே முறை. எஸ்க்யூலைட்டில் எழுத வேண்டிய ஸ்கிரிப்ட் 'பிகின் இம்மீடியட்' என்றே தொடங்க வேண்டும். படித்துவிட்டு எழுதும் உரிமை கேட்டால், இடையில் வேறொருவர் முந்தியிருக்கலாம். பரிவர்த்தனைக்குள் மின்னஞ்சல் அனுப்புவது, இணையச் சேவையை அழைப்பது போன்றவை பூட்டை வீணாக நீட்டிக்கும்.

இன்று போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் போன்றவை பதிவின் பல பதிப்புகளை வைத்திருப்பதால், சாதாரணமாகப் படிக்க வருபவர் எழுதுபவருக்காகக் காத்திருப்பதில்லை.