கடல் கடந்து வந்த தொட்டிப் பூக்கள்

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் ஊருக்குச் சென்று திரும்புகையில், மல்லிகைப் பதியன் ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி இரயிலில் கொண்டுவருவது உண்டு. அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில், வடக்கு நோக்கிய பால்கனியில், அது இலை மட்டும் விட்டு நிற்கும். ஓரிரு பனிக்காலங்களில் பட்டுப்போகும். “இந்த ஊர் மண்ணுக்கு மல்லிகை வராது” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். மண்ணின்மீது அப்பழியைச் சுமத்துதல் தகாது. ஒரு செடி எந்நிலத்தில் பிறந்தது, எவ்வழியே வீட்டுக்குள் வந்தது என்னும் வரலாற்றை அறிந்தால், அதனை எங்கே வைப்பது என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

செடிகள் கடல் கடப்பது முன்னாளில் எளிதாக இருக்கவில்லை. உப்புக் காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் கப்பலேற்றியவற்றுள் மிகப் பல வழியிலேயே மடிந்தன. இதற்கு வழி கண்டவர் தோட்டக்காரர் அல்லர். இலண்டன் மாநகரின் மருத்துவரான நத்தானியேல் வார்டு என்பவர். நிலக்கரிப் புகையால் அவர் தோட்டத்துப் பெரணிச் செடிகள் பிழைக்கவில்லை. 1829ஆம் ஆண்டளவில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண் இட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடியிருந்தார். பூச்சியை எதிர்நோக்கிய அவர் கண்டது, அம்மண்ணில் தானே முளைத்த பெரணியை! உள்ளிருந்த ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணில் இறங்கியதால், நீர் வார்க்காமலே செடி வாழ்ந்தது. 1833இல் இம்முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகள் இரண்டு சிட்னி நகருக்குக் கப்பலேறின. செடிகள் உயிரோடு கரை சேர்ந்தன. பின்னர் இராபர்ட் பார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயச் சாரலுக்குக் கொணர்ந்ததும் இத்தகைய பெட்டிகளிலேதான். வீட்டின் கூடத்தில் செடி வளர்க்கும் வழக்கம் மேலைநாட்டில் பரவியதற்கும் அப்பெட்டி ஒரு காரணமாயிற்று.

கூடத்திலேயே பூக்கும் செடிகளுள் பெயர் பெற்றது ஆப்பிரிக்க வயலட். இன்றைய தான்சானியா நாட்டின் உசம்பாரா மலைப் பகுதியில், ஜெர்மானிய அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் என்பவர் 1892இல் இதனைக் கண்டு, தம் தந்தையாருக்கு அனுப்பிவைத்தார். பெருமரங்களின் நிழலில், ஈரப் பாறை இடுக்குகளில் வளர்ந்த செடி அது. ஆதலின் நேர்வெயில் ஆகாது. சன்னலோரத்து வெளிச்சமே போதும். இலைமீது குளிர்ந்த நீர் பட்டால் புள்ளி விழும். தட்டில் நீர் ஊற்றித் தொட்டியை அதில் சிறிது நேரம் வைத்து, மிஞ்சிய நீரைக் கொட்டிவிடுதல் நன்று. தில்லியின் மே, ஜூன் மாதத்து வெப்பம் மட்டும் அதற்குப் பெருஞ்சோதனை.

வெயிலை விரும்புவோர் வேறு குலத்தார். காகிதப்பூ என்று நாம் வழங்கும் போகன்வில்லாவைப் பிரேசில் நாட்டில் 1767இல் சேகரித்தவர் பிரெஞ்சு அறிஞர் கொம்மெர்சன். கப்பல் தலைவரின் பெயரையே செடி பெற்றது. கொம்மெர்சனுக்கு உதவியாளாய் ஆண் உடை தரித்துச் சென்ற ழான் பாரே என்னும் பெண்மணி, உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என்று போற்றப்படுகிறார்.  நித்திய கல்யாணியோ மடகாஸ்கர் தீவின் செடி. தெற்கு நோக்கிய பால்கனி வாய்த்தவர்கள் இவ்விரண்டையும் தயங்காமல் வைக்கலாம். வெயிலால் இவை கெடுவதினும் நாம் அன்போடு நாள்தோறும் ஊற்றும் நீரால் வேர் அழுகிக் கெடுவதே மிகுதி.

மல்லிகையும் வெயிலின் பிள்ளையே. நாளில் பாதியேனும் வெயில் படாத இடத்தில் அது மொட்டு வைப்பது அரிது. மார்கழி, தை மாதங்களில் அது உறங்கும் என்பதை உணர்ந்து நீரைக் குறைத்து, குளிர் தணிந்ததும் கத்தரித்து உரமிட்டால், கோடையில் கூந்தலுக்கும் பூசைக்கும் பூக்கள் கிடைக்கும். வடக்குப் பால்கனிக்காரர்கள் மாடித் தளத்தில் இடம் கேட்டுப் பெறுவதே வழி. கனகாம்பரம் சற்று நிழலைப் பொறுக்கும், குளிரைப் பொறுக்காது. தமிழகத்தில் ‘டெல்லி கனகாம்பரம்’ என்றே ஒரு வகை உண்டு. விதை பிடிக்காத அதனைக் கிளை நட்டே பெருக்குவர். பெயரளவில் நம் ஊராராகிய அக்கனகாம்பரத்தை நாம் இங்கே பனிக்கு அஞ்சி இரவில் வீட்டுக்குள் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது!

சீனத்தில் நெடுங்காலம் போற்றி வளர்க்கப்பட்ட செவ்வந்தியின் இயல்பு வியப்புக்குரியது. பகலும் இரவும் எவ்வளவு நீள்கின்றன என்பதைப் பொறுத்தே சில செடிகள் பூக்கின்றன என்பதை அமெரிக்க அறிஞர்களான கார்னரும் அல்லார்டும் 1920இல் வெளியிட்டனர். செவ்வந்தி நீண்ட இரவு வேண்டும் இனத்தது. ஐப்பசியில் இரவு நீளத் தொடங்கியதும் மொட்டு வைக்கும். அந்நாள்களில் பால்கனி மின்விளக்கை இரவெல்லாம் எரியவிட்டால் செடி கோடையே நீடிப்பதாகக் கருதி, பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். மொட்டுத் தெரியும்வரை விளக்கை மாலையிலேயே அணைத்துவிடுக; தெருவிளக்கின் ஒளி விழுமானால் தொட்டியைச் சுவரின் மறைவுக்கு நகர்த்துக.