கவச ஊர்தியின் மறுவாழ்வு

கோவை அவினாசிச் சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில், பழுது நீங்கிப் பொலிவுடன் நிற்கும் பழைய கார்களைக் கண்டு மகிழ்கிறோம். போர் ஊர்திகளுக்கோ இப்பேறு அரிது. 1965 முதல் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கிகள் பல, ஓய்வுபெற்றபின் மேடைகளில் மௌனமாய் நிற்கின்றன.

இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் வேறு வழி கண்டது. 1943இல் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட செருமானிய ‘டைகர் 131’ஐச் செப்பனிடும் பணி 1990இல் தொடங்கியது, 2003இல்தான் அது மீண்டும் ஓடிற்று. கொலைக்கருவிக்கு ஏன் உயிரூட்ட வேண்டும் என்பாரும் உளர், நியாயமான கேள்வியே. மேலும், இன்று அதனுள் இயங்குவது ஆதி எந்திரமன்று, பிற்காலத்து மேபாக் எந்திரம். அப்படியாயின் இது அதே டாங்கிதானா? ஆம் என்றே நாம் கொள்கிறோம். பொறுமையாய் யாவற்றையும் புதுக்கியவர்கள், உள்ளிருந்த வீரர்கள் அதனைக் கைவிட்டோடக் காரணமான குண்டுகளின் வடுவை மட்டும் பூசி மறைக்கவில்லை.