தெரியாத இலக்கத்தில் ஒரு சிறைக்கைதி

“தம்பி, உங்கட இலக்கத்துக்குப் பரிசு விழுந்திருக்கு. இப்ப மெசேஜில ஒரு கோட் வரும், அதைச் சொல்லுங்கோ.” இப்பிடி ஒரு கோல் எங்களில் அநேகமான ஆக்களுக்கு வந்திருக்கும். நாங்கள் சிரிச்சிட்டுக் கட் பண்ணுறம். அம்மம்மா கோட்டைச் சொல்லிப் போட்டால், “இதைக்கூடவா நம்புவினம்?” எண்டு கேட்கிறம். அந்தக் கேள்விக்கு இருநூறு வருசத்துக்கு முந்திய பதில் ஒன்று இருக்கிறது.

பிரான்சில் வீடொக் என்றொருவர் இருந்தார். முதலில் கைதி, பிறகு பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைவர். 1828இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் ‘ஜெருசலேம் கடிதங்கள்’ பற்றி எழுதுகிறார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னான காலத்தில் பிசெத்ர் சிறைக்கைதிகள் ஊர்ப் பணக்காரர்களின் பெயர்களைத் திரட்டிக் கடிதம் எழுதினார்கள். ‘நான் ஒரு பிரபுவின் வேலையாள். தப்பி ஓடும்போது தங்கமும் வைரமும் உள்ள பெட்டியை உங்கள் ஊர்ப்பக்கம் மறைத்தோம். இப்போது சிறையில் இருக்கிறேன். கொஞ்சப் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன்.’ நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வருமாம். அந்த நேரம் பிரபுக்கள் உண்மையாகவே நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அதனால் பொய் நாட்டு நடப்போடு பொருந்திப் போனது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே கதை ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. 1898இல் நியூயோர்க் டைம்ஸ் இதைப் பழைய மோசடி திரும்பி வந்ததாகவே எழுதியது. பிறகு நைஜீரியாவிலிருந்து கடிதம், ஃபக்ஸ், மின்னஞ்சல். அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே இந்த மோசடிக்குப் பெயராகிவிட்டது. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் ‘வன்கிரி’ வந்தது. ஒருமுறை மணியடித்துக் கட் பண்ணுவார்கள். நாங்கள் திருப்பி எடுத்தால் அது கட்டணம் கூடிய இலக்கம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும்.

கடிதத்துக்கும் போனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடிதத்தை மேசையில் வைத்து நாலு பேரிடம் காட்டலாம். போனில் அந்த நேரம் கிடையாது. “இப்பவே சொல்லுங்கோ, வைக்காதேங்கோ” எண்டு அவசரப்படுத்துறதுதான் முழுத் தந்திரமும்.

இந்தக் கைதிக் கதை எங்கட மண்ணுக்கும் வந்தது, ஆனால் சிரிக்க முடியாத விதமாக. 2009க்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிய குடும்பங்களுக்குத் தெரியாத ஆட்களிடமிருந்து அழைப்புகள் வந்தன. ‘உங்கட பிள்ளை இரகசிய முகாமில இருக்கிறார், காசு தந்தால் எடுத்துத் தரலாம்.’ நகையை விற்று, கடன் வாங்கிக் கொடுத்ததாகத் தாய்மார் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். காசு போனது, பிள்ளை வரவில்லை. அந்தத் தாய்மார் ஏமாளிகள் இல்லை. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லாத இடத்தில், தெரியாத இலக்கம் மட்டும்தான் பதில் சொல்லியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் அந்தப் பதிலைத்தான்.

அப்ப, ஆசைப்பட்ட ஆக்கள்தான் ஏமாறுகினம் எண்டு நாங்கள் சொல்லுறது பாதிக்கூட உண்மை இல்லை. ஆசை, பயம், காத்திருப்பு, இதில் எது எங்களிட்ட இருக்குதோ அதுக்கேற்ற கோல் வரும்.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது சின்ன விசயம். மெசேஜில் வரும் கோட்டை ஒருத்தருக்கும் சொல்லாமல் இருப்பது. வங்கி எண்டு சொன்னால் வைத்துவிட்டு, எங்களுக்குத் தெரிந்த வங்கி இலக்கத்துக்கு நாங்களே எடுப்பது. அதோடு, ஏமாந்து வந்தவரைப் பேசாமல் இருப்பது. வெட்கத்தில் அவர் வாயை மூடினால், அடுத்த கோல் பக்கத்து வீட்டுக்குப் போகும்.